கே.வி.மகாதேவனின் விருதுப் பட இசை: தாத்தாவின் மைக் செட் பெட்டியில் என்ன தேடுவது?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் பயன்படும். கன்னியாகுமரி மாவட்டம் திங்கள்சந்தையில் உங்கள் தாத்தா மைக் செட் வைத்திருந்தார். அவர் காலத்துக்குப் பிறகு பரணிலிருந்து இரண்டு மரப்பெட்டி நிறைய ரெக்கார்டுகள் இறங்கியிருக்கின்றன. கே.வி.மகாதேவனுக்குத் தேசிய விருது கிடைத்த படங்களின் பின்னணி இசைத் தட்டு அதில் இருக்குமா, இல்லையென்றால் எங்கே தேடுவது, அழுக்கை எப்படிக் கழுவுவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

கழுவுவதைப் பற்றி மட்டும் உடனே ஒரு வார்த்தை. ஸ்பிரிட், சானிடைசர், கொலோன் எதையும் அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள். காரணத்தைக் கீழே விளக்குகிறேன்.

அப்புறம் முக்கியமான விஷயம். 1950, 60களின் தமிழ்ப் படங்களுக்குப் பின்னணி இசையை மட்டும் தனித் தட்டாகப் போடும் வழக்கமே கிடையாது. ஹாலிவுட் படங்களுக்கு அப்படி எல்பி என்ற பெரிய தட்டு வந்துகொண்டிருந்தது. நம் படங்களுக்குப் பாட்டுத் தட்டு வந்தது, பிறகு கதை வசனத் தட்டு வந்தது, அவ்வளவுதான். ஆகவே ‘கந்தன் கருணை பின்னணி இசை’ என்று லேபிளில் எழுதிய தட்டைத் தேடிப் போனால் நாள்தான் போகும். ஆனால் அந்த இசை அழிந்துவிடவில்லை. சில இடங்களில் சிதறிக் கிடக்கிறது. அந்த இடங்களில் ஒன்று உங்கள் தாத்தாவின் பெட்டியாக இருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. அதனால்தான் இந்தப் பதிலை நீட்டி எழுதுகிறேன்.

முதலில் விருது விஷயத்தைச் சரியாகப் பிடித்துக்கொள்வோம், ஏனென்றால் நம் மாவட்டத்திலேயே பலருக்கு இது தெரியாது. கே.வி.மகாதேவன் பிறந்தது 1918 மார்ச் 14ஆம் தேதி, நாகர்கோவில் கிருஷ்ணன்கோவிலில். அன்று இது திருவிதாங்கூர் ராஜ்யம். பெயரில் இருக்கும் ‘கே’ அந்தக் கிருஷ்ணன்கோவில்தான். 1942இல் மனோன்மணி படத்தின் மூலம் சினிமா இசைக்குள் வந்தார். பின்னால் தேவர் பிலிம்ஸ் படங்கள், ஏ.பி.நாகராஜனின் புராணப் படங்கள், தெலுங்கில் கே.விஸ்வநாத்தின் படங்கள் என்று போய், தென்னாட்டு மொழிகளில் அறுநூறை ஒட்டிய படங்களுக்கு இசையமைத்தார் என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு. சினிமா உலகம் அவரை ‘மாமா’ என்றே கூப்பிட்டது. மெட்டுக்குப் பாட்டெழுதச் சொல்லாமல், எழுதி வந்த பாட்டுக்கு மெட்டுப் போடுவதுதான் அவர் வழி. அவருக்கு வாழ்நாள் முழுவதும் உதவியாளராக இருந்த புகழேந்தி நம் பக்கத்து ஊரான திருவனந்தபுரத்துக்காரர், மலையாளத்தில் தனியாகவும் இசையமைத்தவர். மகாதேவன் 2001 ஜூன் 21ஆம் தேதி காலமானார்.

மத்திய அரசின் திரைப்பட விருதுகள் 1954இலேயே தொடங்கிவிட்டாலும், இசையமைப்பாளருக்கென்று ஒரு விருது 1967ஆம் ஆண்டுப் படங்களிலிருந்துதான் வந்தது. அந்த முதல் விருதைப் பெற்றவர் கே.வி.மகாதேவன், படம் கந்தன் கருணை. பம்பாயில் அத்தனை பெரிய இசையமைப்பாளர்கள் இருந்த காலம் அது. இந்தியாவின் முதல் சிறந்த இசையமைப்பாளர் விருது ஒரு நாகர்கோவில்காரருக்குப் போனது என்பதை நம் பள்ளிக்கூடங்களில் ஏன் சொல்லித்தருவதில்லை என்று எனக்கு நெடுநாள் ஆதங்கம். இதற்கு இரண்டு ஆண்டு முன்பு, நம் கடற்கரைக்காரர்கள் சொந்தப் படம்போலப் பார்த்த மலையாளப் படம் செம்மீன் ஜனாதிபதியின் தங்கப் பதக்கம் வாங்கியது. அதற்கு சலீல் சௌத்ரி போட்ட இசைக்குக் கொடுக்க அன்றைக்கு ஒரு பிரிவே கிடையாது.

மகாதேவனின் இரண்டாவது தேசிய விருது சங்கராபரணத்துக்கு. அந்த ஒரே படத்துக்காக எஸ்.பி.பாலசுப்ரமணியத்துக்குச் சிறந்த பாடகர் விருதும், வாணி ஜெயராமுக்குச் சிறந்த பாடகி விருதும் கிடைத்தன. மாநில அரசு விருது அடிமைப் பெண்ணுக்கு, 1969ஆம் ஆண்டுக்காக.

இனி, விருதுப் பட்டியலை வைத்துக்கொண்டு தட்டு தேடலாமா என்றால், என் பதில் வேண்டாம் என்பதுதான். இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டியிருக்கிறது.

கந்தன் கருணைக்கு அடுத்த ஆண்டே, 1968இல், மகாதேவன் தில்லானா மோகனாம்பாள் செய்தார். அந்தப் படம் சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது வாங்கியது, ஒளிப்பதிவுக்கும் விருது வாங்கியது. இசை விருது சரஸ்வதிசந்திரா என்ற இந்திப் படத்துக்காக கல்யாண்ஜி-ஆனந்த்ஜிக்குப் போனது. அந்த இந்திப் பாடல்கள் அருமையானவை, மறுப்பதற்கில்லை. ஆனால் ஒரு படத்தின் கதையே இசைக்குள் நடக்கிறது என்றால் அது தில்லானாதான். அதில் வரும் நாதசுரம் மதுரை சகோதரர்கள் எம்.பி.என்.சேதுராமன், பொன்னுசாமி வாசித்தது. ‘நலந்தானா’ வரும் இடத்தை மறுபடி ஒருமுறை காதால் மட்டும் கேளுங்கள். காயம்பட்ட கையோடு ஒருவன் வாசிக்கிறான், சபையில் ஆடிக்கொண்டே ஒருத்தி அவனிடம் நலம் கேட்கிறாள். அவள் வாயால் கேட்பதற்கெல்லாம் நாதசுரம் பதில் சொல்கிறது. இருவருக்கும் நடுவில் நடப்பது தனக்கும் தெரியும் என்பதுபோலத் தவில் குறுக்கே ஒரு வார்த்தை போட்டுவிட்டு ஒதுங்குகிறது. சுசீலாவின் குரல் எங்கே நின்று நாதசுரம் எங்கே பிடிக்கிறது என்று கவனியுங்கள். பேசினால் வெளிப்பட்டுவிடும் ஒன்றைச் சபை நடுவே பேசிக்கொள்ள இசையமைப்பாளர் அவர்களுக்கு வழி செய்துகொடுத்திருக்கிறார். அந்த இடத்தில் பாட்டு எது, பின்னணி இசை எது என்று பிரிக்கவே முடியாது. என் கணக்கில் மகாதேவனின் ஆகச் சிறந்த வேலை இதுதான், விருதுப் பட்டியலில் இது இல்லை.

எம்.எஸ்.விஸ்வநாதன் கதை இதைவிட மோசம். உயர்ந்த மனிதனுக்கும் சவாலே சமாளிக்கும் சுசீலாவுக்குத் தேசிய விருது, அபூர்வ ராகங்களுக்கு வாணி ஜெயராமுக்குத் தேசிய விருது. மூன்று படத்துக்கும் இசை எம்.எஸ்.வி. அவருக்கோ கடைசிவரை ஒரு தேசிய விருதும் இல்லை. ஜி.ராமநாதன் வீரபாண்டிய கட்டபொம்மனுக்காக 1960இல் கெய்ரோவில் நடந்த ஆசிய-ஆப்பிரிக்கப் படவிழாவில் சிறந்த இசையமைப்பாளர் விருது வாங்கினார். 1963இல் இறந்தும்போனார். இங்கே இசைக்கு விருது வைத்தபோது அவர் இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. பழைய விருது பாட்டையும் பின்னணி இசையையும் சேர்த்துத்தான் எடைபோட்டது. பாட்டுக்கு ஒன்று, பின்னணி இசைக்கு ஒன்று என்று ஆண்டுதோறும் பிரித்துக் கொடுப்பது 2009ஆம் ஆண்டுப் படங்களிலிருந்து வந்த வழக்கம். அந்த முறை பின்னணி இசைக்கு இளையராஜாவுக்குப் பழசிராஜா படத்துக்காகக் கிடைத்தது. பிறகு தாரை தப்பட்டைக்கும் அதே பிரிவில் வாங்கினார். அவர் அதற்கு முன் வாங்கிய சாகர சங்கமம், சிந்து பைரவி, ருத்ரவீணா மூன்றும் பொதுவான இசை விருதுகள். இந்தப் பிரிவினை வருவதற்கு முன்பே மலையாள இசையமைப்பாளர் ஜான்சனுக்குச் சுகிர்தம் படத்தின் பின்னணி இசைக்காக ஒருமுறை தனியாகக் கொடுத்திருக்கிறார்கள். நம் பக்கம் மலையாளப் படம் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அது ஏன் என்று சொல்லவே வேண்டாம். ஆகவே ‘கந்தன் கருணையின் பின்னணி இசைக்கு விருது’ என்று யாராவது தட்டு விற்க வந்தால் சந்தேகப்படுங்கள். விருது முழு இசைக்கும் சேர்த்து.

சரி, பின்னணி இசை எங்கே இருக்கிறது?

அந்தக் காலத்தில் படம் எடுத்து முடித்ததும் ரீரெக்கார்டிங் நடக்கும். திரையில் படத்தை ஓடவிட்டு, வாத்தியக்காரர்கள் எதிரே உட்கார்ந்து வாசிப்பார்கள். அது காந்த நாடாவில் பதிவாகும். பிறகு வசனம், சத்தம், இசை மூன்றையும் கலந்து ஒரே ஒலித்தடமாக்கி, பிலிமின் ஓரத்தில் ஒளிவடிவமாகப் பதிப்பார்கள். கலந்து முடிந்ததும் தனித்தனி நாடாக்களுக்கு வேலை இல்லை. நாடா விலை கூடிய பொருள் என்பதால் அழித்து மறுபடி உபயோகிப்பது சாதாரணம். மிஞ்சியவையும் நம் கடலோர வெக்கையிலும் ஈரத்திலும் நின்று பிடிப்பது கடினம். அசிட்டேட் நாடாவோ பிலிமோ கெட ஆரம்பித்தால் டப்பாவைத் திறந்தவுடன் வினாகிரி வாடை அடிக்கும். அந்த வாடை வந்துவிட்டால் பக்கத்து டப்பாக்களையும் காப்பாற்ற உடனே பிரித்துவைக்க வேண்டும்.

ஆக, இசை மிஞ்சியிருக்கும் முதல் இடம் படத்தின் பிரிண்ட். டிவியிலும் டிவிடியிலும் வருவது அதன் வழியாக வந்த ஒலிதான். ஆனால் வெட்டுப்பட்டது, இரைச்சல் நீக்குகிறேன் என்று உயிரை நீக்கியது எல்லாம் அதில் உண்டு.

இரண்டாவது இடம்தான் உங்களுக்கு வேண்டியது: கதை வசன எல்பி. திருவிளையாடல் கதை வசனம் ஒலிக்காத கோயில் கொடைத் திருவிழா நம் மாவட்டத்தில் ஒரு காலத்தில் இருந்ததா? அந்தத் தட்டுகள் படத்தின் ஒலித்தடத்திலிருந்து வெட்டி எடுத்துச் செய்தவை. வசனத்துக்கு அடியில் வீணை, குழல், தாள வாத்தியங்கள் எல்லாம் அப்படியே இருக்கும். வசனம் முடிந்து அடுத்த காட்சி தொடங்குமுன் சில விநாடி இசை மட்டும் நிற்கும். பின்னணி இசையைக் கேட்பதற்காகவே நான் கதை வசனத் தட்டு சேர்க்கிறேன். வசனத் தட்டுதானே என்று வியாபாரிகள் குறைத்து மதிப்பிடுவதால் விலையும் அடக்கமாகவே இருக்கும். மைக் செட்காரர்களிடம் பாட்டுத் தட்டுக்குச் சமமாக இவை இருந்தன. கல்யாண வீட்டில் பந்தி நடக்கும்போது போட இதைவிட நல்ல சரக்கு இல்லை. உங்கள் பெட்டியில் முதலில் தேட வேண்டியது இவற்றைத்தான்.

மூன்றாவது இடம் பாட்டுத் தட்டு. இடையிசையும் தொடக்க இசையும் அதில் இருக்கின்றன. ஆனால் ஒரு எச்சரிக்கை: தட்டில் இருப்பது எப்போதும் படத்தில் இருப்பது ஆகாது. நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும் பழைய 78 வேகத் தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் தாங்கும். பாட்டு நீண்டால் குறைத்துப் பாடினார்கள், அல்லது இரண்டு பக்கமாக உடைத்தார்கள். படத்தில் மட்டும் வரும் ஆலாபனை, தட்டில் மட்டும் வரும் சரணம் என்றெல்லாம் உண்டு. இரண்டையும் வைத்து ஒப்பிட்டுக் கேட்பதில் கிடைக்கும் சந்தோஷம் தனி. பின்னணி இசையையே தலைப்பிட்டுத் தட்டில் போடுவது பின்னாளில்தான் பார்க்கக் கிடைக்கிறது, 1986இல் வந்த புன்னகை மன்னன் தீம் மியூசிக் போல.

இப்போது பெட்டியைத் திறப்போம். எல்லாவற்றையும் மூன்றாகப் பிரியுங்கள். பத்து அங்குலம், கனமானது, தட்டினால் பீங்கான் சத்தம் கேட்பது 78 வேகத் தட்டு. அது அரக்கில் செய்தது, கீழே விழுந்தால் உடையும். ஏழு அங்குலம், 45 வேகம், இரண்டு பக்கத்திலும் சேர்த்து மூன்று நான்கு பாட்டு இருந்தால் ஈபி. பன்னிரண்டு அங்குலம், 33 வேகம் என்றால் எல்பி. ஈபியும் எல்பியும் வினைல்.

லேபிளில் படத்தின் பெயர், பாடியவர், இசையமைத்தவர், தட்டு எண் இருக்கும். கொலம்பியா 78 என்றால் எண் ‘ஜிஇ’ என்ற எழுத்துகளிலும், எச்எம்வி என்றால் ‘என்’ என்ற எழுத்திலும் தொடங்குவதை நிறையப் பார்ப்பீர்கள். அதோடு நிறுத்தாதீர்கள். லேபிளுக்கும் ஊசி ஓடும் கடைசிப் பள்ளத்துக்கும் நடுவில் மழமழப்பாக ஒரு வளையம் இருக்கும். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் அங்கே பொறித்த எழுத்தும் எண்ணும் தெரியும். அதுதான் பதிவின் எண். லேபிள் கிழிந்தாலும், உறை மாறிப்போனாலும் அதை வைத்து அடையாளம் காணலாம். மைக் செட் பெட்டியில் உறை மாறாமல் இருக்கும் தட்டு அபூர்வம், ராத்திரி அவசரத்தில் கைக்குக் கிடைத்த உறைக்குள் தள்ளியிருப்பார்கள். லேபிள் மேல் உங்கள் தாத்தாவின் மைக் செட் பெயர் ரப்பர் ஸ்டாம்பில் இருக்கலாம், வரிசை எண் பெயிண்டில் இருக்கலாம். அதை அழிக்காதீர்கள். விற்பனைக்கு அது மதிப்பைக் குறைக்கும் என்பார்கள். நம் ஊரில் எந்தப் பாட்டு எந்த வரிசையில் போனது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. ஒரு சின்ன நோட்டுப் புத்தகமும் கூடவே இருந்தால் பத்திரம். ‘விநாயகனே வினை தீர்ப்பவனே’யில் தொடங்கி எதில் முடித்தார்கள் என்று அதில் எழுதியிருக்கும்.

கந்தன் கருணை கிடைத்தால் ஒரு விஷயத்தைப் பாருங்கள். ‘திருப்பரங்குன்றத்தில் நீ சிரித்தால்’ பாட்டு இரண்டு வடிவத்தில் உண்டு. சூலமங்கலம் சகோதரிகள் பாடிய பக்திப் பாடல் தட்டு ஒன்று. படத்துக்காக சூலமங்கலம் ராஜலட்சுமியும் பி.சுசீலாவும் பாடியது இன்னொன்று. மெட்டு குன்னக்குடி வைத்தியநாதனுடையது. விருது வாங்கிய படத்திலேயே மிகப் பிரபலமான ஒரு பாட்டு மகாதேவனின் மெட்டு இல்லை என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். அதனால் அவருக்கு ஒரு குறையும் இல்லை. சீர்காழி கோவிந்தராஜன் பாடிய ‘ஆறுபடை வீடு கொண்ட திருமுருகா’வையும், கே.பி.சுந்தராம்பாளின் ‘அரியது கேட்கின்’ பாட்டையும் சுசீலாவின் ‘சொல்லச் சொல்ல இனிக்குதடா’வையும் ஒரே மூச்சில் கேட்டால் அவர் குரலுக்கு ஏற்ப வாத்தியத்தை எப்படி நிறுத்துகிறார் என்று தெரியும். சுந்தராம்பாள் பாடும்போது வாத்தியங்கள் எழுந்து நின்று வழிவிடுகின்றன. குமாரகோவிலுக்குக் காவடி போகும் நாட்களில் இன்றும் இந்தப் பாட்டுகள் கேட்கின்றன. லேபிளில் படத்தின் பெயர் இல்லாமல் பாடகியர் பெயர் மட்டும் இருந்தால் உங்களிடம் இருப்பது பக்திப் பாடல் தட்டு. அதையும் விட்டுவிடாதீர்கள்.

பெட்டியில் 78 வேகத் தட்டில் என்.எஸ்.கிருஷ்ணன் இருக்கிறாரா என்றும் பாருங்கள். ஒழுகினசேரிக்காரரின் தட்டு நாகர்கோவில் பக்கத்து மைக் செட்டில் இல்லாமல் இருக்காது. நாடகங்களையும் கதாகாலட்சேபங்களையும் பல தட்டுகளாக வெட்டி செட்டாக விற்ற காலம் அது. பாகம் எண் போட்ட ஒற்றைத் தட்டு கிடைத்தால் மற்ற பாகங்களும் ஊரில் எங்கோ இருக்கின்றன என்று நம்பித் தேடலாம்.

கழுவுவது. அரக்கு ஸ்பிரிட்டில் கரையும். தச்சர்கள் பாலிஷ் போட அரக்கை ஸ்பிரிட்டில்தான் கரைக்கிறார்கள். ஆகவே 78 தட்டில் ஒரு துளி பட்டால்கூட அந்த இடத்துப் பாட்டு போய்விடும். சாதாரணத் தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒன்றிரண்டு சொட்டு விட்டு, மெத்தென்ற துணியை நனைத்துப் பிழிந்து, பள்ளத்தின் போக்கிலேயே வட்டமாகத் துடையுங்கள். லேபிளில் ஈரம் படக் கூடாது. ஊறவைக்கக் கூடாது. சுத்தமான தண்ணீர்த் துணியால் மறுபடி துடைத்து, நிழலில் செங்குத்தாக நிறுத்தி உலரவிடுங்கள். வெயிலில் வைத்தால் வளைந்துவிடும். வெள்ளையாகப் பூஞ்சை இருந்தால் வீட்டுக்கு வெளியே வைத்து, மூக்கைக் கட்டிக்கொண்டு செய்யுங்கள். இரண்டு மழைக்காலமும் முழுசாகக் கிடைக்கிற மாவட்டம் நம்முடையது, பூஞ்சை இல்லாத பெட்டியே இருக்காது. ஈபி, எல்பிக்கும் இதே முறை போதும், காய்ச்சி வடித்த தண்ணீர் என்றால் இன்னும் நல்லது. உலர்ந்த பிறகு புது காகித உறையில் போடுங்கள், பிளாஸ்டிக் உறை ஈரத்தைப் பூட்டிவைக்கும். புத்தகம்போல நிறுத்தி அடுக்குங்கள், படுக்கவைத்து ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்ற வேண்டாம்.

போட்டுக் கேட்பதற்கும் ஒரு ஒழுங்கு உண்டு. எல்பிக்கான ஊசியால் 78ஐப் போடக் கூடாது. 78இன் பள்ளம் ஏறக்குறைய மூன்று மடங்கு அகலம். சின்ன ஊசி பள்ளத்தின் அடியில் கிடக்கும் அழுக்கில் உரசிக்கொண்டு போகும், இரைச்சல்தான் கேட்கும். தட்டு கெட்டுவிட்டது என்று நல்ல தட்டைத் தூக்கிப்போட்டவர்கள் உண்டு. 78க்கென்றே ஊசி விற்கிறது, வாங்கி மாட்டுங்கள். மைக் செட் தட்டுகள் பிளேயரின் கனமான கையும் இரும்பு ஊசியும் பட்டவை. குரல் உச்சத்துக்குப் போகும் இடங்களில் பள்ளம் சாம்பல் நிறமாகத் தேய்ந்திருக்கும். கொஞ்சம் அகலம் கூடிய அல்லது குறைந்த ஊசியை மாற்றிப் பார்த்தால், தேயாத உயரத்தில் அது உட்கார்ந்து வியக்கும்படி பாடும். கணினியில் ஏற்றும்போது முதல் பதிவை எந்த இரைச்சல் நீக்கமும் செய்யாமல் அப்படியே பெரிய கோப்பாக வைத்துக்கொள்ளுங்கள். சுத்தம் செய்வதெல்லாம் நகலில். நாளைக்கு இன்னும் நல்ல கருவி வரும், அன்றைக்குத் தொடாத மூலம் வேண்டும்.

உங்கள் பெட்டியில் இல்லாததை எங்கே தேடுவது? சென்னை மூர் மார்க்கெட்டைச் சொல்லாத பழைய ஆள் கிடையாது. அது 1985இல் எரிந்துபோனது. அங்கிருந்த கடைக்காரர்கள் பலர் பக்கத்துப் புது வளாகத்துக்குப் போனார்கள். சென்னைக்கு ஓடுவதற்கு முன் நம் மாவட்டத்தையே ஒழுங்காகப் பாருங்கள் என்பேன். தக்கலை, மார்த்தாண்டம், கருங்கல், குளச்சல், பூதப்பாண்டி என்று ஒவ்வொரு ஊரிலும் 1960, 70களில் மைக் செட் வைத்திருந்த குடும்பம் உண்டு. இப்போது பந்தல், லைட், ஜெனரேட்டர் என்று தொழில் மாறியிருக்கும், பெட்டி மட்டும் குடோனில் இருக்கும். கோயில் கமிட்டி அறைகள், திருவிழாவுக்குச் சொந்தமாக ஒலிபெருக்கி வைத்திருந்த கிறிஸ்தவப் பங்குக் கோயில்கள், ஊர் வாசகசாலைகளின் அலமாரிகள், மூடிய தியேட்டர்களின் ஆபரேட்டர் அறைகள். இடைவேளைக்குப் போட்ட தட்டுகள் அங்கேதான் தங்கின. நாகர்கோவில் வடசேரி, கோட்டாறு பக்கத்துப் பழைய இரும்புக் கடைகளில் சொல்லிவையுங்கள், வீடு இடிக்கும்போது வருகிற சாமான் அவர்களிடம்தான் முதலில் போகும். மேற்கே திருவனந்தபுரத்தில் ‘சாலை’ என்று சொல்லும் கடைத்தெருவும் நமக்குச் சென்னையைவிடப் பக்கம். நாம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடு இருந்தவர்கள் என்பதால் அந்த ஊர்ப் பழைய வீடுகளில் தமிழ்த் தட்டுகள் தாராளமாக இருந்தன. அங்கே அவற்றுக்குக் கேட்பாரும் குறைவு.

கேசட்டுகளை ஒதுக்கிவிடாதீர்கள். 1980களில் ஊருக்கு ஊர் ரிக்கார்டிங் கடை இருந்தது. பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுத்தால் தட்டிலிருந்து கேசட்டில் ஏற்றிக் கொடுப்பார்கள். தட்டு உடைந்துபோன பின்னும் அந்த கேசட்டில் பாட்டு இருப்பதுண்டு. அதைவிடப் பெரிய புதையல், இலங்கை வானொலியைப் பிடித்துப் பதிவுசெய்த கேசட்டுகள். நம் கடற்கரையில் இலங்கை வானொலி உள்ளூர் நிலையம்போலக் கேட்கும். கொழும்பின் இசைத்தட்டு நூலகம் பெரியது. இங்கே தட்டாகவே கிடைக்காத பாட்டு சிலவற்றை நான் கேட்டதே அந்த கேசட்டுகளில்தான், அறிவிப்பாளர் குரல் முன்னும் பின்னும் ஒட்டிக்கொண்டு. அகில இந்திய வானொலி தன் முதல் உள்ளூர் நிலையத்தைத் திறந்ததே நாகர்கோவிலில்தான், 1984 அக்டோபர் 30ஆம் தேதி. அதைப் பதிவுசெய்து வைத்தவர்களும் இங்கே இருக்கிறார்கள்.

அடையாளம் காண்பதில் சிக்கல் வந்தால் பழைய சினிமாப் பாட்டுப் புத்தகங்கள் கைகொடுக்கும். தியேட்டர் வாசலில் விற்ற அந்த மெல்லிய புத்தகத்தில் பாட்டு வரி, பாடியவர் எல்லாம் இருக்கும். சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் இவற்றின் பெரிய சேகரம் இருக்கிறது. இசைத்தட்டுகளும் உண்டு. படப் பிரிண்டுகளுக்கு 1964இல் தொடங்கிய புனே தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம்.

விலையைப் பற்றி ஒரே ஒரு ஆலோசனை. யாராவது வந்து மொத்தமாக இவ்வளவு தருகிறேன் என்றால், பட்டியல் போடாமல் கொடுத்துவிடாதீர்கள். எல்லோருக்கும் தெரிந்த வெற்றிப்படத் தட்டுகள் நிறைய அச்சானவை, எளிதில் கிடைக்கும். ஓடாத படத்தின் தட்டுதான் உண்மையில் அரிது, ஏனென்றால் கொஞ்சமாகத்தான் அச்சடித்திருப்பார்கள். பெயரே கேள்விப்படாத படம் என்று ஒதுக்கிவைக்கிற தட்டைத்தான் வாங்க வருபவர் முதலில் கையில் எடுப்பார்.

சட்டமும் தெரிந்திருக்கட்டும். ஒலிப்பதிவின் உரிமை, வெளியான ஆண்டு முடிந்ததிலிருந்து 60 ஆண்டு. 1967இல் வெளியான கந்தன் கருணைத் தட்டுக்கு 2027 முடியும்வரை உண்டு. மெட்டுக்கும் வரிக்கும் உரிமை தனி, அது ஆக்கியவர் மறைந்த பிறகும் 60 ஆண்டு நீளும். நீங்கள் கேட்பதற்கும் ஆராய்வதற்கும் பதிவுசெய்து வைத்துக்கொள்ளுங்கள். இணையத்தில் ஏற்றுவதானால் யோசித்துச் செய்யுங்கள்.

இந்த வாரம் செய்ய வேண்டியது: பெட்டிகளைச் சிமெண்ட் தரையிலிருந்து தூக்கிப் பலகைமேல் வையுங்கள், கரையான் இருக்கிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு தட்டின் இரண்டு பக்க லேபிளையும், அந்த மழமழப்பு வளையத்து எழுத்தையும் பகல் வெளிச்சத்தில் போட்டோ எடுத்து, எந்த உறைக்குள் இருந்தது என்பதையும் சேர்த்து ஒரு பட்டியல் எழுதுங்கள். கழுவுவது அதற்குப் பிறகு. பட்டியலைக் காட்டினால் எது கதை வசனம், எது படப் பதிவு, எதை முதலில் கணினியில் ஏற்ற வேண்டும் என்று வரிசைப்படுத்தித் தருகிறேன். 78க்கான ஊசி என்னிடம் இருக்கிறது, நாகர்கோவிலுக்கு எடுத்துக்கொண்டு வந்தால் உட்கார்ந்து கேட்டுவிடலாம்.